கம்யூனிட்டி காலேஜா, கிடைத்த பல்கலைக்கழகமா? மாறிச் செல்லும் எண்ணம் உள்ளவர்களுக்கு

ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில், குடும்ப நண்பர் ஒருவரின் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் மூன்று தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்று, ஹேவர்டில் உள்ள கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஈஸ்ட் பே அனுப்பிய அனுமதிக் கடிதம். இன்னொன்று யூசி மெர்சிட், அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் மெர்சிட் வளாகம், அனுப்பியது. மூன்றாவது கடிதமே அல்ல. குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா என்ற இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜின் இணையதளத்திலிருந்து பையன் அச்செடுத்து வந்த பாடப் பட்டியல். அவன் படிக்க விரும்பியது யூசியின் பெர்க்லி வளாகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ், பெர்க்லி மறுத்துவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கு மே 1ஆம் தேதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "எங்க சேர்ந்தாலும் ரெண்டு வருஷத்துல பெர்க்லிக்கு மாறிடுவேன் அங்கிள்" என்றான் அவன். அவனுடைய அம்மாவின் கவலை வேறாக இருந்தது. "யுனிவர்சிட்டியே கிடைச்சிருக்கும்போது கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பினா, ஊர்ல கேக்குறவங்களுக்கு என்ன அண்ணா சொல்றது?" என்றார்.

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்றால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் மேலே படிக்க வசதியில்லாதவர்களுக்கும் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். அந்தச் சொல்லின் நிழல் இங்கே வந்து குடியேறிய பெற்றோர் மனத்திலும் விழுந்து கிடக்கிறது. அமெரிக்காவிலும் கம்யூனிட்டி காலேஜ்கள் தொழிற்பயிற்சி அளிப்பதுண்டு. ஆனால் கலிஃபோர்னியாவில் அவற்றுக்கு வேறொரு பணியும் உண்டு. 1960இல் இம்மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், அரசுக் கல்லூரிகளை மூன்று அடுக்காகப் பிரித்தது: ஆராய்ச்சிக்கு யூசி என்னும் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, பரவலான பட்டப்படிப்புக்குக் கால் ஸ்டேட் என்னும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள், யாரும் நுழையக்கூடிய வாசலாகக் கம்யூனிட்டி காலேஜ்கள். கீழ் அடுக்கில் முதல் இரண்டாண்டை முடித்தவர் மேல் அடுக்கின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம் என்பது அந்தத் திட்டத்தின் அடித்தளம். பின்னால் ஒட்டவைத்த சலுகை அல்ல. இன்று இம்மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு மாறிவரும் மாணவர் என்ற விகிதத்தை யூசி தன் இலக்காகவே வைத்திருக்கிறது.

எனவே இரண்டு இடங்களையும் தரவரிசையில் அருகருகே வைத்து எது உயர்ந்தது என்று கேட்பது, என் பார்வையில், தவறான கேள்வி. பல்கலைக்கழகம் தன் மாணவர் நான்காண்டும் தங்குவார் என்று எண்ணி அமைக்கப்பட்டது; அதன் விடுதி, உதவித்தொகை, பாட அடுக்கு, ஆலோசகர் அனைத்தும் அந்த எண்ணத்தில் இயங்குபவை. கம்யூனிட்டி காலேஜோ மாணவர் இரண்டாண்டில் வெளியேறுவார் என்று எண்ணி அமைக்கப்பட்டது. வெளியேறப் போகிறவர் எங்கே சேர வேண்டும், தங்கக்கூடியவர் எங்கே சேர வேண்டும் என்பதற்கு விடை பெரும்பாலும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க அசிஸ்ட் என்ற அரசுத் தளத்தைத் திறந்தால் போதும். இடப்பக்கம் யூசி வளாகம் கேட்கும் பாடம் இருக்கும். வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கம்யூனிட்டி காலேஜில் எதைப் படித்தால் ஏற்பார்கள் என்பது பாட எண்ணோடு இருக்கும். அன்று மேசையில் டி ஆன்சாவின் தாளை நாங்கள் வரி வரியாகப் படித்தோம். நுண்கணிதத்துக்குக் கணக்கு 1ஏ, 1பி, 1சி, 1டி என நான்கு குவார்ட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று மாதப் பருவங்கள். நேரியல் இயற்கணிதத்துக்கு 2பி. நிரலாக்கத்துக்கு சிஐஎஸ் வரிசையில் 22ஏ, 22பி, 22சி. ஈடான பாடம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதியிருக்கும். வரிசையாக உள்ள பாடங்களை ஒரே கல்லூரியில் முடிக்கச் சொல்லும் அடிக்குறிப்புகளும் ஆங்காங்கே உண்டு. ஈஸ்ட் பேயில் சேர்ந்து பெர்க்லிக்கு மாற நினைப்பவருக்கு இத்தகைய தாள் கையில் கிடைப்பது அரிது, ஏனெனில் அசிஸ்ட் தளம் அடிப்படையில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து மேலே செல்பவர்களுக்காக ஏற்பட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவரின் பாடங்கள் ஈடானவையா என்பதைச் சேரும் துறையே ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். அவர் தம் பாடத்திட்ட விவரங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அதைவிடக் கனமான வேறுபாடு வரிசையில் நிற்கும் இடம். மாறிவர விண்ணப்பிப்பவர்களில் யூசி முதல் முன்னுரிமையைக் கலிஃபோர்னியாக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத் தருகிறது. பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர் அவர்களுக்குப் பின்னால்தான். பெற்றோர் பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். "மெர்சிடும் யூசிதானே, ஒரே நிர்வாகம், உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாமே" என்று நினைத்துப் பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டுப் பிறகு விவரம் தெரிந்து வருந்தியவர்களை நான் அறிவேன். ஒரு யூசி வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் புதிதாக விண்ணப்பிப்பதுதான். அரசு அலுவலகத்தில் இடமாற்றம் வாங்குவதுபோல் அல்ல. முதலாண்டு முடித்த கையோடு மாறிவிடலாம் என்ற கணக்கும் பெரும்பாலும் செல்லாது, ஏனெனில் யூசி மூன்றாம் ஆண்டுக்குத் தகுதியானவர்களையே எடுக்கிறது. அதற்கு, படித்த பாட அளவைக் கணக்கிடும் யூனிட்டில், 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு ஒன்றும் உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட ஜிபிஏ என்னும் சராசரி மதிப்பெண் புள்ளியுடன் முடிப்பவருக்கு இடம் உறுதி என்று எழுதித் தருகின்றன. டேக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த உறுதிக்குச் செப்டம்பர் மாதம் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் ஒரு வளாகத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இதில் இல்லை. இருக்கும் ஆறிலும் எல்லாப் பிரிவுகளும் இல்லை. சாந்தா பார்பராவின் எஞ்சினியரிங் கல்லூரி இந்த உறுதியைத் தருவதில்லை, கம்ப்யூட்டர் சயன்ஸ் அந்தக் கல்லூரிக்குள்தான் அடங்குகிறது. ஆகவே எங்கள் பையனைப் போன்ற கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆர்வலருக்கு டேக் என்பது, பொருளாதாரமோ வரலாறோ படிக்க விரும்புபவருக்குத் தரும் அளவு நிம்மதியைத் தராது. கால் ஸ்டேட் பக்கம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இரண்டாண்டு மாறுதல் பட்டம் இருக்கிறது. அதை முடித்தவருக்கு அந்த அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. அந்த 'எங்காவது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சான் ஹொசே ஸ்டேட்டின் கம்ப்யூட்டர் சயன்ஸ் அதில் அடங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துக் கம்யூனிட்டி காலேஜே மேல் என்று முடித்துவிட்டால், அது அரைக் கணக்குதான். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் வரை போகவே விரும்புகிறார்கள்; உண்மையில் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுபவர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான், ஆறாண்டுக்குள் இளநிலைப் பட்டம் பெறுபவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். இந்தக் கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும், குடும்பச் சுமை உள்ளவர்களும், பகுதிநேர மாணவர்களும் அடக்கம் என்பதால், பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு முழுநேரம் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆயினும் அது சொல்லும் எச்சரிக்கை உண்மையானது. யாரும் துரத்தாத இடத்தில் தானே ஓடத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பாதை.

ஓடுவதற்கு நேரமும் குறைவு. யூசிக்கான விண்ணப்பம் நவம்பர் இறுதியில் மூடப்படும். இரண்டாண்டில் மாற நினைப்பவருக்கு அது இரண்டாம் ஆண்டின் முதல் பருவம். அப்போது கையில் இருப்பவை முதலாண்டு மதிப்பெண்களும் கோடையில் படித்தவையும் மட்டுமே. நடப்புப் பருவத்தின் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்த்துக்கொடுக்கலாம். பள்ளி முடித்த களைப்பில் முதல் பருவத்தைச் சற்று மெதுவாகத் தொடங்கலாம் என்று நினைப்பவருக்கு அங்கேயே ஒரு பங்கு போய்விடுகிறது. போதாக்குறைக்கு, புதிய மாணவருக்குப் பாடப்பதிவுத் தேதி கடைசியாக வரும். கணக்கு 1ஏ வகுப்பு நிரம்பி, காத்திருப்போர் பட்டியலில் பன்னிரண்டாம் ஆளாக நின்று, முதல் நாள் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நின்று, நிரம்பிய வகுப்பில் சேர அனுமதிக்கும் ஆட் கோட் என்ற எண்ணைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கும் அனுபவம் இங்கே சாதாரணம். அந்த ஒரு பாடம் ஒரு பருவம் தள்ளிப்போனால் அதன் பின்னால் வரும் 1பியும் 1சியும் தள்ளிப்போகும். இயற்பியல் வரிசைக்கும் நுண்கணிதம் முன்தேவை என்பதால் அதுவும் கூடவே நகரும். இரண்டாண்டு மூன்றாண்டு ஆவது பெரும்பாலும் இப்படித்தான், சோம்பலால் அல்ல. வளாகத்துக்கு வளாகம் கேட்கும் பாடங்களும் சற்றுச் சற்று மாறுபடுவதால், நான்கு யூசிகளுக்கு ஒருங்கே தயாராகும் மாணவர் எல்லாவற்றையும் ஒரே கால அட்டவணைக்குள் அடக்கப் படாத பாடு படுகிறார்.

பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு இந்தத் தலைவலிகளில் பல இல்லை. மூன்றாம் ஆண்டு அவருக்காகவே அங்கே காத்திருக்கிறது. பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டுக் கோடையிலேயே கால் வைக்கலாம். நண்பர்கள் நான்காண்டும் உடன் இருப்பார்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மூன்றாம் ஆண்டில் வந்து சேருபவர், மற்றவர்கள் ஏற்கெனவே குழுக்களாகவும் அறைத்தோழர்களாகவும் இணைந்துவிட்ட பிறகு, கடினமான மேல்நிலைப் பாடங்களோடு ஊரையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும். தகுதி உதவித்தொகைகளில் பெரும்பகுதியும் பள்ளியிலிருந்து நேரே வருபவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. மெர்சிட் 2005இல் திறந்த இளம் வளாகம், தரவரிசையில் பெர்க்லிக்கு வெகு கீழே. ஆனாலும் அங்கே ஊன்றிப் படித்துப் பட்டம் பெற்றவரின் சான்றிதழும் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா சான்றிதழ்தான். இந்த நன்மைகள் எல்லாம் தங்குபவருக்கு உரியவை என்பதையும் மறக்கக் கூடாது. எப்படியும் போய்விடுவோம் என்ற நினைப்பில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பவர் நட்பையும் தேடமாட்டார், ஆய்வுக்கூடத்தையும் தேடமாட்டார். முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டுப் பாதியை மட்டும் பயன்படுத்துவார்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, கணக்கு எளியது. மாநில வசிப்புரிமை உள்ளவருக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். குவார்ட்டர் முறையில் நடக்கும் டி ஆன்சாவில் யூனிட்டுக்கு 31 டாலர் வீதம் 90 யூனிட்டுக்கு 2,790. முதன்முறை சேரும் முழுநேர மாணவருக்குப் பல கல்லூரிகள் இந்தக் கட்டணத்தையும் இரண்டாண்டுக்குத் தள்ளுபடி செய்கின்றன. கால் ஸ்டேட்டில் 2025-26ஆம் கல்வியாண்டின் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. யூசியில் அதைப்போல இரு மடங்குக்கு மேல். ஆனால் பெருஞ்செலவு கட்டணத்தில் இல்லை, தங்குமிடத்தில் இருக்கிறது. ஹேவர்டுக்கு வீட்டிலிருந்தே போய் வரலாம், மெர்சிடுக்கு முடியாது. வீட்டிலிருந்து போய் வருபவருக்கு ஈஸ்ட் பேக்கும் டி ஆன்சாவுக்கும் உள்ள வேறுபாடு இரண்டாண்டில் பத்தாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும். சிறு தொகை அல்ல. ஆனால் தவறான இடத்தில் சேர்ந்து பட்டம் ஓராண்டு தள்ளிப்போனால் அதைவிடக் கூடுதலாக இழப்போம்.

நம் குடும்பங்கள் பலவற்றில் விசாவும் இந்த முடிவில் புகுந்துகொள்கிறது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4இல் இருக்கும் பிள்ளை மாநில வசிப்புரிமை பெற வழியுண்டு; எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை, எனவே அவருக்கு அந்த 46 டாலரும் இல்லை, பன்மடங்கு கட்டணம்தான். கிரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போவதால், பதினெட்டில் ஹெச்-4ஆகக் கல்லூரியில் நுழையும் பிள்ளைக்கு 21 வயது நிறைவதும் யூசிக்கு மாறுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வரக்கூடும். அப்போது ஹெச்-4 முடிந்து எஃப்-1க்கு மாற நேர்ந்தால், புதிய வளாகம் அவரை வெளிமாநிலத்தவராகக் கணக்கிடும் ஆபத்து உண்டு. யூசியில் அந்தக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 34,000 டாலரைத் தாண்டும். கல்லூரி மாறும்போது வசிப்புரிமையையும் மீண்டும் நிரூபிக்க வேண்டியிருப்பதால், இந்நிலையில் உள்ள குடும்பம் இரண்டு இடங்களின் வசிப்புரிமை அலுவலகங்களிடமும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாறுதல் திட்டம் போடுவது நல்லது. ஒரே இடத்தில் நான்காண்டு இருப்பதற்கு ஆதரவாக நான் கேட்டவற்றுள் வலுவான வாதம் இதுதான்.

மேலே சொன்ன வழிமுறைகள் கலிஃபோர்னியாவுக்கு உரியவை; டல்லஸில் இருக்கும் உறவினர் சொல்லும் அனுபவம் இங்கே பொருந்தாது, இங்குள்ளதும் அங்கே பொருந்தாது. டெக்சஸில் யூடி என்னும் டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பின் ஆஸ்டின் வளாகம் கிடைக்காதவர்களுக்காகவே கேப் என்றொரு ஏற்பாடு உண்டு: யூடி அமைப்பின் வேறு வளாகம் ஒன்றில் முதலாண்டு 30 கிரெடிட்டை (யூனிட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) 3.2 ஜிபிஏவுடன் முடித்தால் ஆஸ்டினின் கலைப்பிரிவுக் கல்லூரியில் இடம் தருவார்கள். தரவரிசையில் கீழே உள்ள பல்கலைக்கழகமே அங்கே முறையான படிக்கட்டாகிறது. ஆனால் எஞ்சினியரிங்குக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் அந்த உறுதி இல்லை. வர்ஜீனியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு உறுதி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. கல்லூரி மாறுவதில் எவ்வளவு இழப்பு நேரலாம் என்பதற்கு, அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டைச் சொல்லலாம்: கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தாம் ஈட்டிய கிரெடிட்டுகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்திருந்தார்கள்.

தவறாகத் தொடங்கியவருக்குத் திரும்ப வழியே இல்லை என்றும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்துவிட்டு, ஊர் திரும்பி டி ஆன்சாவில் படித்து, அங்கிருந்து 1971இல் பெர்க்லிக்குப் போனவர். இன்றைய விதிகளும் அந்தச் சுற்றுவழியை அடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கூட, குறைந்தது 30 செமஸ்டர் யூனிட்டைக் கலிஃபோர்னியாக் கம்யூனிட்டி காலேஜ்களில் முடித்து, கடைசியாகப் படித்த இடமும் அதுவாகவே இருந்தால், யூசி அவரைக் கம்யூனிட்டி காலேஜ் மாணவராகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கோடைப் பருவத்தில் மட்டும் போய் இரண்டு பாடம் படித்துவிட்டு வருவது இதில் சேராது.

இவ்வளவும் பேசி முடித்தபோது மாலையாகிவிட்டது. பையனிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: பெர்க்லி இரண்டாம் முறையும் மறுத்தால், ஈஸ்ட் பேயிலேயே இருந்து மனநிறைவோடு பட்டம் வாங்குவாயா? யோசிக்காமலேயே "இல்லை" என்றான். மெர்சிடில்? அதற்கும் இல்லை. "வேற யூசி எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆனா மெர்சிட்ல நாலு வருஷம் இருக்க மாட்டேன்" என்றான். ஆம் என்று சொல்லியிருந்தால் ஈஸ்ட் பேக்கு அன்றே பதில் எழுதச் சொல்லியிருப்பேன். இதே தெருவில் உள்ள இன்னொரு வீட்டுப் பெண் அப்படி ஆம் என்று சொல்லி அங்கே சேர்ந்து இப்போது மூன்றாம் ஆண்டில் நன்றாகவே இருக்கிறாள், மாறும் பேச்சையே விட்டுவிட்டாள். இல்லை என்பவனுக்கு அந்த நான்காண்டு ஏற்பாட்டால் பயன் குறைவு, வரிசையில் பின்னால் நிற்கும் நட்டம் மட்டும் முழுதாக இருக்கும். கம்யூனிட்டி காலேஜுக்கே போகட்டும் என்றேன்.

அவனுடைய அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு டி ஆன்சாவின் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "குப்பர்டினோவுக்கு 880 ஹைவேல தினம் போயிட்டு வரணும். ஓலோனி காலேஜ் இதோ நம்ம ஃப்ரீமாண்ட்லயே இருக்கே, அது ஏன் கூடாது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். பையன் மடிக்கணினியை மீண்டும் திறந்து, அசிஸ்ட் தளத்தில் டி ஆன்சாவை எடுத்துவிட்டு ஓலோனியைப் போட்டான். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் எதில் விடுபட்டிருக்கிறது என்று அம்மாவும் மகனும் விரல்வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.